இன்னொரு கால் சுற்று

லேத்துப் பட்டறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் நாலு நல்ல வார்த்தை எழுதித்தர வேண்டுமாம். முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். 'தரம்' என்ற தலைப்பில் இருந்தால் சிறப்பாக இருக்கும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். தரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத்தில் இரும்பு கடையும் டர்னராக இருந்தவன் நான். விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து, எங்கள் விருப்பத்தைக் கேட்காமலே வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகுதான் திருவொற்றியூரில் இந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். இப்போது நிஜமாகவே ஓய்வு. கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது நின்று கூட்ஸ் வண்டியை வேடிக்கை பார்க்கும் அளவுக்கு ஓய்வு.

ஆகவே தரத்தை விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொல்கிறேன். திருகாணி இறுக்குவதை எப்போது நிறுத்துவது என்பது அது.

சிரிக்காதீர்கள். நம் ஊரில் எவனும் இறுக்கியதை இறுக்கியது என்று நம்புவதில்லை. கேஸ் அடுப்புக்கு டியூப் மாட்ட வந்தவன் மாட்டி முடித்து, எழுந்து, செருப்பைப் போட்ட பிறகு திரும்பி வந்து இன்னொரு கால் சுற்று சுற்றுவான். குழாய் ரிப்பேர் செய்கிறவன் அப்படியே. வீட்டுக்காரர் அவன் போன பிறகு தன் பங்குக்கு ஒரு கால் சுற்று. மச்சினன் வந்தால் அவனும் ஒன்று. மறுநாள் குழாய் ஒழுகும்போது எல்லோரும் சேர்ந்து சாமான் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டுவார்கள்.

தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு ஃபோர்மேன் இருந்தார். அவர் நாங்கள் போல்ட் இறுக்கும்போது போல்ட்டைப் பார்க்கவே மாட்டார், எங்கள் மூஞ்சியைப் பார்ப்பார். பல்லைக் கடித்தோம் என்றால் கையில் ஒரு தட்டு. "உன் மூஞ்சி டைட்டாச்சுன்னா மரை போச்சுன்னு அர்த்தம்" என்பார். வேறு எதையும் அவர் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. மீதி நேரமெல்லாம் டீ வாங்கி வரச் சொல்லுவார், அதிலும் சர்க்கரை சரியில்லை என்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த நூற்றாண்டு பிறந்த புதிது. எல்லாச் சுவரிலும் தரச் சான்றிதழ் தொங்க ஆரம்பித்திருந்த காலம். பட்டறை அப்போது அண்ணாச்சியுடையது. தெற்கே இருந்து வந்து, யானைக்கவுனியில் இரும்புக் கடையில் நின்று தொழில் பழகி, பிறகு இங்கே சொந்தமாக லேத்து போட்டவர். அவருக்கு ஒரே மகள். அந்த மகளைக் கட்டியவரை பட்டறையில் எல்லோரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டோம். அம்பத்தூரில் ஏதோ தரக் கட்டுப்பாட்டு வகுப்புக்குப் போய் வந்தவர். அவரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுமதி இருக்கிறதா தெரியவில்லை. உங்கள் சம்பளக் கவரில் இன்று யார் கையெழுத்துப் போடுகிறார் என்று பார்த்தால் காரணம் புரியும்.

ஒருநாள் ஸ்டெல்லா என்று ஒரு பெண் ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இங்கே பக்கத்தில் கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க். உள்ளே வரும் பெட்டி, வெளியே போகும் பெட்டி, ஒவ்வொன்றின் பூட்டிலும் போட்ட சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொள்கிற வேலை. வீடு ராயபுரம். அப்பா துறைமுகத்தில் லாஞ்சு ஓட்டி சாரங்காக ஓய்வு பெற்றவர். அந்த வண்டி அறுபதுகளில் இங்கே வேலைக்கு வந்திருந்த ஒரு ஜப்பான்காரருடையது. அவர் ஊருக்குத் திரும்பும்போது சாரங்கு வாங்கிக்கொண்டாராம். அன்று முதல் வீட்டில் வேறு யாரையும் அதில் கை வைக்கவிட்டதில்லை. முட்டி போன பிறகு ஓட்டவும் முடியவில்லை, கொடுக்கவும் மனசில்லை. வண்டி நடையில் நின்றுகொண்டே இருந்தது.

சாரங்குக்கு இரண்டு மகன்கள். நடையை அடைத்துக்கொண்டிருக்கிறது, தூக்கி எறி என்று இருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழைய வண்டி சேர்க்கிற பெங்களூர்காரர் ஒருவர் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். ஸ்டெல்லாதான் குறுக்கே நின்றாள், எனக்குக் கொடு என்று. பெண்பிள்ளை இதை வைத்து என்ன செய்யும் என்று சாரங்கு யோசித்திருக்கிறார். யோசித்து ஒரு நிபந்தனை போட்டார். என்ஜின் ஓட வேண்டும். ஓடி நின்ற பிறகு கீழே ஒரு சொட்டு எண்ணெய் விழக்கூடாது. ஆயுத பூசை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்காரரும் வருவார். சொட்டு விழுந்தால் வண்டி அவருக்கு, விழாவிட்டால் மகளுக்கு.

"ஒரே ஒரு எடத்துலதான்ணே எண்ண கசியுது," என்றாள் ஸ்டெல்லா. "அத்த மட்டும் அடச்சுக் குடு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பார்த்தேன். என்ஜினின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு சின்ன மூடி, அதற்குப் பின்னால் எண்ணெய். நான்கே நான்கு திருகாணி. அதன் தலையெல்லாம் எவனோ நம் ஊர் ஸ்டார் ஸ்குரூடிரைவரை வைத்து நோண்டி மொட்டையாக்கியிருந்தான். ஜப்பான் திருகாணியின் தலையில் உள்ள பள்ளமும் நம் ஸ்டார் பள்ளமும் பார்க்க ஒன்று போலிருக்கும், ஆனால் ஒன்றில்லை. இதைச் சொன்னால் நம்ப மறுக்கும் மெக்கானிக்குகள் வண்ணாரப்பேட்டையில் இன்னமும் நலமாக இருக்கிறார்கள்.

தட்டி, சூடு காட்டி, கெஞ்சி நான்கையும் வெளியே எடுத்தேன். எடுத்த பிறகுதான் அசல் தலைவலி. அறுபதுகளின் பாதிவரை ஜப்பான்காரர்கள் தங்களுக்கென்று ஒரு மரை வைத்திருந்தார்கள். பிறகு உலகத்தோடு ஒத்துப்போகலாம் என்று மாற்றிக்கொண்டார்கள். தடிமன் அதே ஐந்து மில்லிமீட்டர். இரண்டு மரைக்கு நடுவில் உள்ள இடைவெளி மட்டும் வேறு. பழையதில் பூஜ்யம் புள்ளி ஒன்பது, புதியதில் பூஜ்யம் புள்ளி எட்டு. புதிய திருகாணியைப் பழைய துளையில் விட்டால் இரண்டு மூன்று சுற்று சந்தோஷமாகப் போகும். அப்புறம் இறுகும். அந்த இடத்தில் நம் ஆள், ஆகா, எவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது என்று பூரித்துப்போய் இன்னும் ஒரு சுற்று சுற்றினால் அலுமினியத்தில் உள்ள மரை சீவிக்கொண்டு வந்துவிடும்.

கடைகளில் கேட்டுப் பார்த்தேன். யானைக்கவுனியில் ஒரு பெரியவர், அஞ்சு எம்எம் என்றால் அஞ்சு எம்எம்தான், அதில் என்ன பழசு, புதுசு, தங்கமா வாங்குகிறாய் என்றார். புதுப்பேட்டையில் பழைய வண்டி பிரிக்கிறவன் ஒருவன் உள்ளேயிருந்து பயபக்தியோடு ஒரு பொட்டலம் எடுத்து வந்தான். ஜப்பான் ஒரிஜினல் என்றான். உண்மைதான். ஒவ்வொரு தலையிலும் சின்னதாக ஒரு புள்ளி இருந்தது. புது மரைக்கு மாறிய பிறகு, பழசோடு கலந்துவிடக்கூடாது என்று அவர்களே வைத்த அடையாளம் அது. அவனோ அதைத் தர முத்திரை என்று எனக்கு விளக்கிச் சொன்னான். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, பழைய நான்கையே பயன்படுத்தலாம், மரை நன்றாகத்தானே இருக்கிறது, தலையில் மட்டும் ஹாக்ஸா பிளேடால் ஒரு கோடு அறுத்துவிட்டால் போதும் என்று முடிவு செய்தேன். நான்கையும் ஒரு டப்பாவில் போட்டு என் லேத்தின் மேல் வைத்தேன். எனக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்தேன். அதற்குள் ஆயுத பூசை வந்துவிட்டது.

ஆயுத பூசைக்கு முதல் நாள் பட்டறைகளில் என்ன நடக்கும் என்று இந்த வருஷம் பார்ப்பீர்கள். வருஷம் முழுக்கத் தேடி எடுத்து வைத்த அத்தனையையும் ஒரே நாளில் குப்பை என்று கண்டுபிடிப்பார்கள். அந்த வருஷம் அந்தப் பொறுப்பை மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டிருந்தார். மற்றவர்களாக இருந்தால் துடைப்பத்தோடு நின்றிருப்பார்கள். அவர் வெர்னியரோடு இறங்கியிருக்கிறார். பட்டறையில் கிடந்த ஒவ்வொரு திருகாணியையும் தடிமன் அளந்து, அளவு வாரியாகப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, பெட்டிக்குப் பெயர் ஒட்டி, தலை மொட்டையானது எல்லாம் கழிவு என்று காயலான் கடைக்கு அனுப்பிவிட்டார். நான் காய்ச்சல் தெளிந்து விஜயதசமியன்று வந்தபோது லேத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பட்டறையே கல்யாண மண்டபம் போல இருந்தது. டப்பாவையும் கழுவி, கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

காயலான் கடைக்கு ஓடினேன். அன்று காலையே லாரி ஏறிவிட்டது என்றான்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டு நாளுக்கு முன்பு ஸ்டெல்லா வந்து, வண்டி முடிந்ததா என்று கேட்டிருக்கிறாள். ஏழுமலை அண்ணன் காய்ச்சலில் படுத்திருக்கிறார், பாவம் இந்தப் பெண் தவிக்கிறது என்று மாப்பிள்ளைக்கு மனம் இளகியிருக்கிறது. நல்ல மனசு, அதை நான் மறுக்கவில்லை. இந்தத் தொழிலில் நல்ல மனசுக்காரர்கள் உடைத்ததை ஒட்டித்தான் பாதி வயிறு கழுவினேன். அவரே ஐந்து எம்எம் பெட்டியிலிருந்து ஆறுமூலைத் தலையோடு பளபளவென்று நான்கு எடுத்து மாட்டப் பார்த்திருக்கிறார். மூன்று, கையால் திருகும்போதே பாதியில் இறுகி நின்றுவிட்டன. நான்காவது இன்னும் கொஞ்சம் போகும் போலப் போக்குக் காட்டியது. அதை ஸ்பேனர் வைத்து முடித்துவிட்டார்.

"ஒண்ணு மட்டும் செம டைட்டா உக்காந்துச்சுண்ணே," என்றார் என்னிடம், முகமெல்லாம் மலர்ச்சி. "அப்புறம் திடீர்னு லூசாயிடுச்சு. ஏன்னு தெரியல. டைட்டா இருந்தா நல்லதுதானே?"

எனக்கு வந்த கோபத்தில் லேத்துக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டிருப்பேன். அதற்குப் பதில் அந்தத் திருகாணியை விரலால் கழற்றினேன். அதன் மரையில் அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டு வந்தது. மூடி போனால் வேறு மூடி வார்க்கலாம். போனது என்ஜின் உடம்பில் உள்ள துளை. இன்னொரு உடம்புக்கு மெட்ராசில் எங்கே போவேன்?

அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார். துறைமுகத்திலிருந்து ஒரு ஷாஃப்ட் வேலை வந்து என் லேத்துக்காகக் காத்துக் கிடந்தது. அவர் கவலை அவருக்கு.

"என்னவே ஏழுமலை, இதுக்குப் போயி தலையில கைய வச்சிக்கிட்டு நிக்கீரு? பெரிசா ஒரு துளையப் போட்டு ஆறு எம்எம் டேப்ப விட்டுப் புது மரை வெட்டும். ஊரே அப்படித்தாம்வே செய்யுது."

ஊரே அப்படித்தான் செய்கிறது என்பது சரி. நானும் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஆனால் இந்தத் துளையைச் சுற்றி உள்ள சுவர் வெங்காயத் தோலாக இருந்தது. ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கினால் ஒன்று பிடித்துக்கொள்ளும், அல்லது பிளந்துவிடும். பிளந்தால் அதோடு கதை முடிந்தது. பிளக்காது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் பிளந்த பிறகு டீ குடிக்கப் போய்விடுவார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவள் ஸ்டெல்லாதான்.

முடியாது என்றேன். அண்ணாச்சிக்கு அந்த வார்த்தை அவ்வளவாகப் பழக்கமில்லை. இது என் பட்டறை என்றார். உங்கள் பட்டறைதான், டிரில்லை நீங்களே பிடியுங்கள், நான் அந்தப் பெண்ணுக்கு ஆள் அனுப்புகிறேன், அவள் எதிரில் போடுங்கள் என்றேன். அவர் டிரில்லையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஷாஃப்டை மறக்காதீரும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணாச்சி கோபக்காரர்தான், ஆனால் பிடிவாதக்காரர் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த முதலாளி கிடைப்பது கஷ்டம்.

புதிதாகத்தான் செய்ய வேண்டும். மாப்பிள்ளை வாங்கிப்போட்ட புது லேத்தில் பூஜ்யம் புள்ளி எட்டு மரை வெட்ட வழி இருந்தது, ஒன்றுக்கு இருந்தது, நடுவில் பூஜ்யம் புள்ளி ஒன்பதுக்கு இல்லை. மூலையில் இருந்த இஞ்சு கணக்கு லேத்தை விற்றுவிடலாம் என்று அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் இஞ்சுக்கு இருபத்தெட்டு மரை போடலாம். அந்த இருபத்தெட்டும் ஜப்பான்காரனின் ஒன்பதும் ஏறக்குறைய ஒன்று. நீளமான போல்ட்டாக இருந்தால் போகப்போக வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும். இந்த அளவு குட்டைத் திருகாணிக்குக் கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. கழற்றிய அன்றே பழைய திருகாணியின் மேல் மரை அளக்கிற இஞ்சுச் சீப்பை வைத்துப் பார்த்திருந்தேன், உட்கார்ந்தது. அதனால்தான் அந்தத் தைரியம்.

நான்கு செய்தேன். மூன்று ஒரே நீளம், நான்காவது கொஞ்சம் நீளம். மாப்பிள்ளையின் புது திருகாணி மேலே உள்ள மரைகளைத்தான் சீவியிருந்தது. அடியில் அது போகவே இல்லை. அங்கே நல்ல மரை கொஞ்சம் மிச்சமிருந்தது. நீளமாக இருந்தால் அந்த மிச்சத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

மாலையில் ஸ்டெல்லா வந்தாள். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதில் யார்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றார், ஓடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். டிரில் போட்டால் ஒருவேளை கெட்டியாக நிற்கும், ஒருவேளை எல்லாம் போகும். நீளத் திருகாணி போட்டால் எண்ணெய் நிற்கும், ஆனால் பிடித்துக்கொண்டிருப்பது கொஞ்சூண்டு மரை. எவனாவது இன்னும் ஒரு கால் சுற்று சுற்றினால் அதுவும் போகும் என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். மாப்பிள்ளையை நாலு வார்த்தை கேட்பாள் என்றும் கொஞ்சம் ஆசைப்பட்டேன். அவள் குனிந்து அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவனும் கை வைக்காம வுட்டா நிக்குமாண்ணே?"

"நிக்கும்."

"அப்ப அத்தயே போடு. கை வைக்க வுடாம பாத்துக்கறது என் வேல."

போட்டேன். மூன்றையும் விரலாலேயே அடிவரை திருகினேன், பிறகு கொஞ்சம் இறுக்கினேன். நான்காவதற்கு வந்தபோது என் பல் தானாகக் கடித்துக்கொண்டது. ஃபோர்மேன் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது, இருந்தும் கை தானாக நின்றது. ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். மனம் மட்டும் இன்னும் ஒரு கால், ஒரே ஒரு கால் என்று அரித்துக்கொண்டே இருந்தது. இந்த அரிப்பு உங்களுக்கும் வரும். அனுபவம் வந்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்த நேரத்துக்கு ராயபுரம் போனேன். மாப்பிள்ளையும் வருவேன் என்று கூடவே வந்துவிட்டார். சந்தில் பாதித் தெரு கூடியிருந்தது. ஸ்டெல்லாவின் அண்ணன்மார் இருவரும் வண்டியை ஏற்றி அனுப்பத் தயாராக, கயிறு எல்லாம் எடுத்து வைத்திருந்தார்கள். பெங்களூர்காரர் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். வண்டியைச் சுற்றி வந்து, புது திருகாணிகளைப் பார்த்து, இது ஒரிஜினல் இல்லையே என்று வருத்தப்பட்டார். ஒரிஜினல் காயலான் கடைக்குப் போய் லாரி ஏறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன், மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

சாரங்கு நாற்காலியைப் போட்டு நடையில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய கை. லாஞ்சில் இருந்த காலத்தில் என்ஜின் அடியில் விரிப்பதுபோல் ஒரு வெள்ளைத் துண்டைத் தன் கையாலேயே வண்டிக்கு அடியில் விரித்தார். ஸ்டெல்லா உதைத்தாள். இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. தெரு நாய்கள் எல்லாம் ஓடின. அவர் தன் டீயை ஆற அமரக் குடித்து முடிக்கும்வரை என்ஜின் ஓடியது. பிறகு கையைக் காட்டினார், அணைத்தாள்.

அந்த வெள்ளைத் துண்டைப் பார்த்ததுபோல் என் கல்யாணத்தில் பெண்ணைக்கூட நான் பார்க்கவில்லை. சாரங்கு முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, துண்டை இழுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

இத்தோடு முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அதுதான் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்தார். காலமெல்லாம் என்ஜினோடு இருந்த மனுஷன் இல்லையா, எடுக்காமல் இருப்பாரா?

"நல்லாத்தான் கீது," என்றார். "எதுக்கும் ஒரு கால் சுத்து வுட்டு வச்சுக்கறேன்."

மாப்பிள்ளைதான் "ஐயா" என்று ஒரு அடி முன்னால் வந்தார். அதற்குள் ஸ்டெல்லா இடையில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். அவள் உள்ளங்கை அந்த நான்காவது திருகாணியை மூடியிருந்தது. இன்னொரு கையால் பையிலிருந்து யார்டில் பெட்டிக்கு நம்பர் எழுதுகிற வெள்ளைப் பெயின்ட் பேனாவை எடுத்தாள். கையை விலக்கி, திருகாணியின் தலையிலிருந்து மூடிவரை ஒரே இழுப்பில் ஒரு கோடு போட்டாள்.

"சீல் போட்டாச்சு நைனா," என்றாள். "இனிமே இத்த ஒடைக்கறதுனா ஓனர்தான் ஒடைக்கணும்."

துறைமுகத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவருக்கு சீல் என்றால் என்ன என்று சொல்ல வேண்டுமா? ஸ்குரூடிரைவர் அந்தரத்திலேயே நின்றது.

"ஓனரு யாரு?"

"நான்தான்."

அண்ணன்மாரில் ஒருவன் சிரித்தான். சாரங்கு அவனைத் திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. பெங்களூர்காரர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், அவரையும் கை அமர்த்தினார். குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு ஸ்குரூடிரைவரை மகளிடம் நீட்டினார்.

"இத்தினி நாளா விக்கப் போறேன் விக்கப் போறேன்னு சொல்லிக்கினு கீறேன். வேணாம்னு எங் கையப் புடிக்க ஒருத்தன் கூட இல்ல இந்த வூட்ல," என்றார். "நீதான் புடிச்ச. எட்த்துக்கினு போ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை எழுத வெட்கமாக இல்லை. மாப்பிள்ளைக்கும் கலங்கியது, அதை நான் எழுதுவதில் அவருக்கு ஆட்சேபம் இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுப்பார், உங்களுக்குத் தெரியப்போவதில்லை. பெங்களூர்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். கயிறு எடுத்து வைத்திருந்த அண்ணன்மார் அதைத் துணி உலர்த்தக் கட்டினார்கள்.

இப்போது பட்டறையில் இறுக்குவதற்கென்றே அளவு காட்டும் ஸ்பேனர் வாங்கி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல விஷயம். குறிப்பிட்ட அளவு வந்ததும் டிக் என்று சத்தம் போடுமாம். எந்த வண்டிக்கு எவ்வளவு என்று சுவரில் அட்டையும் ஒட்டியிருக்கிறார்களாம். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அந்த அட்டையில் இல்லாத ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை ஸ்டெல்லா எண்ணெய் மாற்றிக்கொள்ள பட்டறைக்கு வருவாள். இப்போது யார்டில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள், காரே வாங்கியிருக்கலாம். அந்த வண்டியில்தான் வருவாள். என்ஜினின் பக்கவாட்டில் வட்ட மூடி, அதில் ஒரு திருகாணியின் மேல் வெள்ளைக் கோடு. வெயிலில் மங்க மங்க அவளே புதிதாகப் போட்டுக்கொள்வாள். நீங்கள் எண்ணெயை மாற்றுங்கள், வண்டியைத் துடையுங்கள், அக்கா டீ சாப்பிடுகிறீர்களா என்று கேளுங்கள். அந்தக் கோட்டின் பக்கம் மட்டும் கை போகக்கூடாது. முதலாளி அளவு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவர் கையையும் பிடித்துக்கொள்ளுங்கள். கோபிக்க மாட்டார்.